பதினைந்து கிராம்

"இடது ஷூ கனமா இருக்கு" என்றார் தராசு.

கடைப்பெண் சிரித்தாள். காலையிலிருந்து நின்றபடியே வியாபாரம் பார்க்கிறவர்களுக்கென்று ஒரு சிரிப்பு உண்டு. உதடு சிரிக்கும், கால் அழும்.

"ரெண்டும் ஒரே எடைதான் சார். ஓடுறதுக்குன்னே செஞ்சது. இதைவிட லேசு எங்க கடையில கிடையாது."

"லேசுதான்மா, நான் இல்லேங்கல. ஆனா வலதைவிட இடது பதினஞ்சு கிராம் கூட."

"பதினஞ்சு கிராமா?"

"சரி, உனக்காகப் பதினாலரைன்னு வச்சுக்க."

கடையின் நடுவில், கைக்கொரு ஷூவை ஏந்தி, கண்களை மூடிக்கொண்டு நின்றார் அவர். எதிரே பெஞ்சில் அவர் குடும்பம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். மாப்பிள்ளை இருவரையும் பார்த்துவிட்டு, வம்பு வேண்டாம் என்று கூரையைப் பார்த்தார்.

தராசு என்பது பார்சல் ஆபீஸ் வைத்த பெயர். முப்பத்தொரு வருஷம் அங்கே எடை மேஜையில் நின்றவர். வண்டியிலிருந்து இறங்கும் பொட்டலங்களைக் கைக்கு ஒன்றாகத் தூக்குவார். "இது அரைக்கிலோவுக்குள்ள, இது மேல" என்று ஒரே மூச்சில் இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டுக்கொண்டே போவார். அவருக்கே சந்தேகம் வந்தால்தான் அந்தப் பொட்டலம் மெஷினுக்குப் போகும். அப்படி மாதத்தில் நாலைந்து போனால் அதிகம். ஆபீஸ் மெஷின் சம்பளமில்லாத விடுப்பில் இருப்பதுபோல மூலையில் தூங்கும். மற்றவர்கள் ஒரு பொட்டலம் பிரிப்பதற்குள் அவர் இரண்டு பிரித்துவிடுவார் என்பதால் மேலதிகாரிக்கும் அவர் செல்லப்பிள்ளை.

போன வருஷம் இதே தேதியில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய இடது பக்கம் முன்னறிவிப்பில்லாமல் வேலைநிறுத்தம் செய்தது. கால் முதலில் சமாதானமாகித் திரும்பியது. அடுத்து வாய் வந்தது. வாய் இன்னும் கொஞ்சம் சாவகாசமாக வந்திருக்கலாம் என்பது மனைவியின் அபிப்பிராயம். கடைசியாகக் கை அசைந்தது. மரத்துப்போய்த்தான் இருந்தது, ஆனாலும் பார்த்துப் பார்த்துச் சட்டைப் பித்தான் போடும் அளவுக்கு வந்துவிட்டது. இவ்வளவு வந்ததே பெரிய காரியம் என்று வீடு நிம்மதியாக மூச்சு விட்டது.

ஆபீஸ் அவரை விசாரணை ஜன்னலில் உட்கார வைத்தது. அங்கே அவர் கையில் எதுவும் ஏறுவதில்லை. ஜனங்களுடைய கேள்விகள் மட்டும் தலையில் ஏறும். "என் பார்சல் எப்ப வரும்?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கண் பின்பக்கத்து எடை மேஜைக்குப் போய்விடும். அங்கே இப்போது ஒரு இளைஞர் ஒவ்வொன்றாக மெஷினில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத் தராசுக்குப் பசியெடுத்தவன் ஹோட்டல் கண்ணாடிக்கு வெளியே நிற்பதுபோல் இருக்கும்.

போன வாரம் மேலதிகாரி கூப்பிட்டார். "திங்கட்கிழமை எடை மேஜைக்கு ஆள் போடணும். உங்களுக்குப் பயிற்சி குடுக்குற அம்மா, வேலைக்குத் தகுதின்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா நீங்கதான். இல்லேன்னா ஜன்னல்தான் நிரந்தரம்."

அந்த அம்மா, அதாவது வீட்டில் எல்லோரும் பிசியோம்மா என்று கூப்பிடுகிற பிசியோதெரபிஸ்ட், பொய் சொல்ல லாயக்கில்லாத பிறவி. "கை எப்ப எங்கிட்டப் பேசுதோ அப்ப எழுதுறேன். நீங்க பேசி எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கூடவே, காலையில் மெதுவாக ஓடச் சொல்லி, லேசான ஷூ வாங்கவும் சொன்னார். ஷூவும் அந்த ஒரு வரிக்காகத்தான். இன்று ஏழு மணிக்கு இரண்டு கடை தள்ளியிருக்கிற உணவகத்தில் பிசியோம்மாவையும் அழைத்து மேஜை சொல்லிவைத்திருப்பதும் பாதி அதற்காகத்தான். மீதிப் பாதி, ஒரு வருஷம் தன்னைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு நன்றி சொல்ல.

"அப்பா, இது நன்றி விருந்தா, சிபாரிசு விருந்தா?" என்று மகள் கேட்டாள்.

"ரெண்டுக்கும் ஒரே சாப்பாடுதானேம்மா."

இப்போது கடையில் மணி ஆறரை. கடைப்பெண் ஷூவுக்குள் திணித்திருந்த காகிதத்தை உருவினாள்.

"இப்பப் பாருங்க சார்."

"காகிதம் ரெண்டுலயும் இருந்ததும்மா. இடதுதான் கனம்."

வேறு ஜோடி கொண்டுவந்தாள். இடது கனம். வேறு நிறம் கொண்டுவந்தாள். இடது கனம். வேறு கம்பெனி. அதிலும் இடது கனம். ஐந்தாவது பெட்டி திறந்தபோது தராசுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"எல்லாக் கம்பெனிக்காரனும் ஒரே இடத்துல அடிப்பாகம் வாங்குறான். அவன் இடதுல ஏமாத்துறான். யாரும் கண்டுபிடிக்கல."

"ஏமாத்துறவன் குறைச்சுல்ல குடுப்பான்? இவன் கூட்டியா குடுக்குறான்?" என்றாள் மனைவி.

தராசு வலது கை ஷூவை மறுபடி தூக்கிப் பார்த்தார். "அப்ப வலதுல குறைக்கிறான்."

"ஏங்க, காலுக்கு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. கையில மாட்டிக்கிட்டா ஓடப் போறீங்க?"

போட்டுப் பார்த்தார். கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு ஓட்டம் ஓடினார். ஒரு வருஷத்துக்கு முன்னால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வரவே இரண்டு பேர் வேண்டியிருந்த மனிதர். ஷூ போட்டிருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, மேகத்தைக் காலில் கட்டிக்கொண்டதுபோல் இருந்தது. திரும்பி வரும்போது முகம் பதினெட்டு வயதுப் பையனுடையது. மகள் மூக்கை உறிஞ்சினாள். மாப்பிள்ளை கூரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கைதட்டினார்.

"அப்ப இதையே எடுத்துக்கலாம்" என்று மனைவி எழுந்தாள்.

"காலுக்கு என்ன தெரியும்? அது தரையைப் பார்த்தே வளர்ந்தது. கையில்ல சொல்லணும்!" தராசு ஷூவைக் கழற்றி மறுபடி கைக்கொன்றாக ஏந்தினார். "பதினஞ்சு. மாத்தமே இல்ல. உங்க கடையில எடை மெஷின் இருக்கா?"

"நாங்க ஷூவைக் கிலோ கணக்குல விக்கிறதில்ல சார்" என்றாள் கடைப்பெண். இந்தத் தடவை உதடும் சிரிக்கவில்லை.

மனைவி பெட்டியை மூடி, பணத்தைக் கொடுத்து, கணவரையும் பெட்டியையும் ஒரே பிடியாகப் பிடித்து வெளியே கொண்டுவந்தாள். பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மாப்பிள்ளை நல்லவர். நல்ல மாப்பிள்ளைகளால் வருகிற தொல்லைக்கு எந்த மாமியாரிடமும் மருந்து கிடையாது.

"மாமா, ஹோட்டல் சமையல் கட்டுல எடை மெஷின் இருக்குமே" என்றார்.

தராசின் நடை வேகமானது.

உணவகம் அழகாக இருந்தது. வெள்ளை மேஜைவிரிப்பு, மடித்து நிறுத்திய கைத்துணி, மேஜைக்கொரு சின்ன விளக்கு. குடும்பமாக வெளியே சாப்பிட்டு ஒரு வருஷமாகிவிட்டது. மனைவிக்கு அந்தத் துணியைப் பிரிக்கவே மனசு வரவில்லை. தானே சமைக்காத, தானே கழுவ வேண்டாத ஒரு தட்டு தன் முன்னால் இருப்பதை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பரிமாறுகிறவர் சூப்பைக் கொண்டுவந்து தராசின் இடது பக்கத்தில் வைத்தார். மகளிடம் பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், மனைவியின் கை அந்தக் கிண்ணத்தை எடுத்து வலது பக்கத்தில் வைத்தது. ஒரு வருஷப் பழக்கம். அவர் இடது பக்கம் சூடான எதையும் வைக்க அவள் விடுவதில்லை.

தராசு சூப்பைப் பார்க்கவில்லை. "தம்பி, உள்ள எடை மெஷின் இருக்கா? ஒரு ஜோடி ஷூ..."

"ஷூவா? சமையல் கட்டுலயா? முதலாளி என்னை எடை போட்டு வெளிய அனுப்பிடுவாரு சார்."

மாப்பிள்ளை கண்ணடித்தார். ஷூக்களைத் தனித்தனியாகப் புதுப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே தன் கைத்துணியால் சுற்றினார். சமையல் கட்டுக் கதவு வரைக்கும் போய், "கொஞ்சம் எடை பார்த்துச் சொல்லுங்க, ரொட்டிதான்" என்று யாரிடமோ கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து உட்கார்ந்தார்.

இரண்டு நிமிஷத்தில் கதவு படீரென்று திறந்தது. தலைமைச் சமையல்காரர் வெளியே வந்தார். கதவளவு ஆள். கையில் மூட்டை.

"யாருங்க லேஸ் கட்டின ரொட்டி குடுத்து விட்டது?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மாப்பிள்ளை சூப்பில் எதையோ தேடினார்.

"என்னுதுதாங்க" என்று தராசு எழுந்தார். "எவ்வளவு இருந்தது?"

"ரெண்டும் இருநூத்தி முப்பத்தொண்ணு. பையோட பார்த்ததுனால தப்பிச்சீங்க. இருந்தாலும் மெஷினைக் கழுவி வச்சுட்டு வரேன்."

"ரெண்டும் ஒண்ணா?"

"நூலிழை வித்தியாசம் இல்ல."

விஷயம் அங்கேயும் முடிந்திருக்கலாம். "சரிங்க, மன்னிச்சுக்குங்க" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் முப்பத்தொரு வருஷம் மெஷினைத் தூங்க வைத்த மனிதர் அவர்.

"அப்ப உங்க மெஷின் தப்பு" என்றார்.

அவர் சொன்னது மெதுவாகத்தான். ஆனால் உணவகத்தில் 'மெஷின் தப்பு' என்கிற வார்த்தைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. பக்கத்து மேஜையில் பெரிய கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கேட்டீங்களா? எடை மெஷின் தப்பாம். அதான் என் மீன் இத்தனூண்டு இருக்கு!"

"எனக்கும் கறி குறைச்சலாத்தான் பட்டுது" என்றார் பின்னாலிருந்து ஒருவர். அவர் தட்டு ஏற்கெனவே காலி. எதை வைத்துச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று மேஜைகள் ஒரே நேரத்தில் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டன. மேலாளர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே ஓடிவந்தார்.

"என்ன சார் பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்ணுமில்ல, பதினஞ்சு கிராம்தான்" என்றார் தராசு.

"இவர் இடது ஷூ" என்று விளக்கினார் மாப்பிள்ளை. அதற்கப்புறம் மேலாளருக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

சமையல்காரர் முகம் சிவந்துவிட்டது. "பத்து வருஷமா அந்த மெஷினை வச்சுத்தான் மாவு பிசையறேன். இங்கயே கொண்டு வரேன். எல்லாரும் பாருங்க." உள்ளே போய் மெஷினையும் இரண்டு வெண்ணெய்ப் பொட்டலங்களையும் கொண்டுவந்தார். விருந்து மேஜையில் விளக்கை நகர்த்தி மெஷினை வைத்தார். "சீல் பிரிக்காத பொட்டலம். ஒரே அளவு. சொல்லுங்க பார்ப்போம்."

"ஏங்க, வேணாங்க" என்றாள் மனைவி.

தராசு பொட்டலங்களைக் கைக்கொன்றாக ஏந்தினார். கண்ணை மூடினார். பெரிய கண்ணாடி அம்மாள் நாற்காலியை இவர்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"இது நூறு" என்று வலது கையை ஆட்டினார். "இது நூத்திப் பத்துக்குக் குறையாது."

மெஷினில் வைத்தார்கள். நூறு. அடுத்தது. நூறு.

"இன்னொரு தடவை" என்றார் தராசு. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சர்க்கரைப் பொட்டலம் வந்தது. தப்பு. உப்புப் பொட்டலம் வந்தது. தப்பு. நாலாவது தடவை சமையல்காரரே, "விடுங்க சார், பரவாயில்ல" என்றார். ஜெயித்தவர் குரல் இல்லை அது. பெரிய கண்ணாடி அம்மாளும் நாற்காலியைப் பழையபடி திருப்பிக்கொண்டு, தன் மீன் அப்படியொன்றும் சின்னதில்லை என்று முணுமுணுத்தாள்.

தராசு உட்கார்ந்தார். மேஜையில் மெஷின், வெண்ணெய், உப்பு, பிளாஸ்டிக் பையில் ஷூ. நடுவில் ஆறிப்போன சூப். தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார், இவை யாருடையவை என்பதுபோல.

"போச்சு" என்றார். "நூறு கிராம் வெண்ணெய்க்குப் பத்து கிராம் தப்பு. ஆபீஸ்ல சின்னப் பசங்ககூட இப்படித் தப்புப் பண்ண மாட்டாங்க."

"அப்பா, ஒரு ஷூவுக்குப் போய்..."

"ஷூ இல்லம்மா. முப்பத்தொரு வருஷம்."

மாப்பிள்ளை உப்புப் பொட்டலத்தை யாருக்கும் தெரியாமல் மடியில் மறைத்தார்.

தராசு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நாலாக மடித்தது. ஐஸ்கிரீம் வந்த பிறகு படிக்கலாம் என்று வைத்திருந்தார். மனைவியிடம் நன்றி என்ற வார்த்தையை இருபத்தெட்டு வருஷத்தில் அவர் சொன்னதில்லை. அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்தால் அதை எங்கே உட்காரச் சொல்வது என்றே தெரியாது. அதனால் எழுதியே கொண்டுவந்துவிட்டார்.

"எழுதினது வேணாம்" என்று மறுபடி மடித்தார். "சும்மா சொல்றேன். போன வருஷம் என்னைக் குளிப்பாட்டின. ஊட்டிவிட்ட. ராத்திரி நான் திரும்பிப் படுக்கணும்னா நீ எந்திரிச்சே. ஒரு நாள்கூட மூஞ்சியைச் சுளிக்கல. பொண்ணு வேலையை விட்டுட்டு வந்து ரெண்டு மாசம் கிடந்தா. மாப்பிள்ளை என்னை முதுகுல தூக்கி மாடியேத்தினாரு, நான் எழுபத்திரண்டு கிலோ..."

"எழுபத்தெட்டு மாமா" என்றார் மாப்பிள்ளை, தன்னையறியாமல்.

"பார்த்தீங்களா, அதுவும் தப்பு." தராசு சிரிக்கப் பார்த்தார். "இத்தனை பேர் செஞ்சதை எடை போட எங்கிட்ட எந்தக் காலத்துலயும் தராசு இருந்ததில்ல. இருந்த ஒண்ணும் இப்பப் போச்சு. திங்கட்கிழமை ஜன்னலுக்கே போறேன். உக்கார்ந்து வேலை பார்க்குறதும் ஒரு சுகந்தான். எனக்கு ஒண்ணும் குறையில்ல. நீங்க இருக்கீங்க, அது போதும். நன்றி."

வார்த்தை வந்தேவிட்டது. எங்கே உட்காருவது என்று அது தயங்கவில்லை. நேராக மனைவியிடம் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் அந்த மடித்த கைத்துணியைக் கடைசியில் பிரித்தாள். கண்ணுக்குத்தான் பயன்பட்டது.

"ஆறிப்போன சூப்பைக் குடிங்க முதல்ல" என்றாள். "நன்றியாம் நன்றி. என்னமோ வெளியாள் மாதிரி."

பக்கத்தில் நின்ற சமையல்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சூப்பை நான் சூடு பண்ணித் தரேன்" என்று கிண்ணங்களை அள்ளினார். மேலாளர், ஐஸ்கிரீம் தன் சார்பில் என்றார். மெஷினை எடுத்துப் போக இருவருக்குமே தோன்றவில்லை.

அப்போதுதான் பிசியோம்மா வந்தார். தோளில் பெரிய பை, காலையிலிருந்து கலைந்த தலை. "மன்னிச்சுக்குங்க, கடைசியா வந்தவரு முழங்காலைக் காட்டிட்டு இடுப்பைப் பத்திப் பேசிட்டே இருந்தாரு" என்று உட்கார்ந்தவர், மேஜையைப் பார்த்தார். "என்ன இது, சாப்பாட்டு மேஜையா, பலசரக்குக் கடையா?"

எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மகள் கடையிலிருந்து ஆரம்பித்தாள். மாப்பிள்ளை ரொட்டியிலிருந்து ஆரம்பித்தார். சமையல்காரர் கிண்ணங்களோடு நின்ற இடத்திலிருந்தே வெண்ணெயிலிருந்து ஆரம்பித்தார். பிசியோம்மா ஒரு ரொட்டியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு அத்தனையையும் கேட்டார். பிறகு ஷூக்களைப் பையிலிருந்து எடுத்தார்.

"எங்க, எங்கிட்ட ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

"வேணாம்மா, பட்டதே போதும்."

"செய்ங்க."

அந்தக் குரலுக்குப் பதினோரு மாதமாகக் கீழ்ப்படிந்து பழக்கம். தராசு கைக்கொன்றாக ஏந்திக் கண்ணை மூடினார்.

"இடது கனம்மா. அதே பதினஞ்சு."

"கண்ணைத் திறக்காதீங்க." பிசியோம்மா இரண்டு ஷூவையும் எடுத்து, இடதை வலது கையிலும் வலதை இடது கையிலுமாக மாற்றி வைத்தார். "இப்ப?"

தராசு கையைத் தூக்கினார், இறக்கினார். புருவம் சுருங்கியது. "இப்ப வலது ஷூ கனம்."

"பார்த்தீங்களா!" என்றார் சமையல்காரர் தாளமாட்டாமல். "ஷூவை மாத்தினதும் பேச்சையும் மாத்துறாரு!"

தராசு கண்ணைத் திறந்து ஷூக்களைக் கீழே வைத்தார். பிசியோம்மா அவரைப் பார்க்கவில்லை. பரிமாறுகிறவர் பக்கம் கையை நீட்டினார். "தம்பி, ஆர்டர் எழுதுற பேனாவும் ஒரு தாளும் குடுங்க."

"தெரியும்மா" என்றார் தராசு. "தகுதி இல்லேன்னே எழுதிடுங்க. நான் வருத்தப்பட மாட்டேன்."

பிசியோம்மா மூடியைக் கழற்றினார். எழுத ஆரம்பித்தவர் நிமிர்ந்து, மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் கண் பளபளத்ததை மனைவிதான் முதலில் கவனித்தாள்.

"தப்பா எடை போட்டாரு, தப்பா எடை போட்டாருன்னு எல்லாரும் சொல்றீங்களே... பதினோரு மாசமா நான் அந்த இடது கையில செங்கல்லையே வச்சுக் கேட்டாலும், 'கையில ஒண்ணுமே இல்லையேம்மா'ன்னு சொன்ன மனுஷன்ங்க இவரு!"